கம்பத்தைச் சாய்க்குமுன் பெரியவரைப் போய்ப் பாருங்கள்

வானொலி நிலையங்களை நடத்தும் நிர்வாகிகளுக்கும் தலைமைப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் மீடியம் வேவ் வானொலியின் டிரான்ஸ்மிட்டர் அறையில், நிகழ்ச்சியை அலையாக்கிக் காற்றில் ஏற்றும் கருவியோடு, 31 வருடம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். என் குரலை நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அறிவிப்பாளரின் குரல் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்வரை எங்களைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. குரல் நின்றால்தான் டெலிபோன் அடிக்கும். அதில் எனக்கு வருத்தம் கிடையாது, வேலையே அப்படித்தான். வருத்தம் வேறு ஒன்றில்: ஒரு நிலையத்தை மூடும்போது, அங்கே வேலை பார்த்தவர்கள் எழுதி வைத்ததையும் அவர்களுக்குத் தெரிந்ததையும் கேட்டு வைக்காமல் விடுவதில்.

சில மாதங்களுக்கு முன், நான் வேலை பார்த்த நிலையத்தை நிறுத்தினார்கள். எந்த நிலையம், யார் நிர்வாகம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். "உங்கள் சாமான் ஏதாவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தகவல் வந்தது, போனேன். என் சாமான் என்று பார்த்தால் ஒரு ஸ்க்ரூடிரைவரும் பஞ்சு பிய்ந்த ஹெட்போனும்தான். வாசலில் ஒரு வண்டியில் பழைய காகிதம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கெட்டி அட்டை, துணி ஒட்டிய முதுகு, மூலையில் வருடம் எழுதி ஒட்டிய சீட்டு. எங்கள் லாக் புக்குகள், ஷிப்டில் நடந்ததையெல்லாம் மணி போட்டு எழுதிய பதிவேடுகள். 40 வருடத்துக்கும் மேலான குறிப்புகளை எடைக்குப் போட்டுவிட்டிருந்தார்கள்.

ஏற்றிக்கொண்டிருந்த ஆளிடம் கேட்டு ஒன்றே ஒன்றை வாங்கிக்கொண்டேன். எந்த வருடத்தது என்று பார்த்து எடுக்க நேரமில்லை, கைக்கு அகப்பட்டதை உருவினேன். வீட்டில் வந்து பிரித்தால், முதல் பக்கத்திலேயே பெரியவரின் கையெழுத்து.

பெரியவர் என்றுதான் எங்களுக்குள் சொல்வோம். நேரில் பேசும்போது 'சார்'. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு 45 வயதுகூட ஆகவில்லை, ஆனாலும் பெரியவர்தான். 18 வயதில் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். முதுகில் வயர்லெஸ் செட்டும் கையில் கேபிள் உருளையுமாகப் பல வருடம் நடந்துவிட்டு, அங்கிருந்து நேராக எங்கள் நிலையத்துக்கு வந்தார். குறுகிய ஒலியும் நீண்ட ஒலியுமாக எழுத்துகளைத் தட்டி அனுப்பும் மோர்ஸ் அவர் காதிலேயே குடியிருந்தது. கூரையில் மழை சொட்டினால்கூட அதில் எழுத்து தேடுவார் என்று கேலி செய்வோம். போரைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். கேபிளில் ஈரம் இறங்கினால் எங்கே வெட்டி எப்படி இணைப்பது என்று கேளுங்கள், விடியும்வரை பேசுவார். பக்கத்தில் விழுந்த குண்டு ஒன்று அவருடைய இடது காதை எடுத்துக்கொண்டது. வலது காதிலும் கொஞ்சத்தை எங்கள் டிரான்ஸ்மிட்டரின் குளிரூட்டும் விசிறிகள் தின்றுவிட்டன.

ராணுவத்திலிருந்து அவர் கூடவே கொண்டுவந்த பழக்கம் ஒன்றுதான், அது எழுதி வைப்பது. வயர்லெஸ் செட்டில் உட்காருகிற ஆள், வந்த செய்தி, போன செய்தி, ஒன்றும் வராத நேரம் எல்லாவற்றையும் மணி போட்டுக் குறிக்க வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு, அடியில் உள்ளது படிக்கிற மாதிரி. பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம். ரப்பரும் பிளேடும் மேஜைப் பக்கமே வரக் கூடாது. ஒலிபரப்பு லாக் புக்குக்கும் விதி ஏறத்தாழ அதுதான். ஆனால் நாங்கள் விதி என்பதற்காக எழுதினோம். அவரோ, பின்னால் வருகிற யாரோ ஒரு ஆளை மனதில் வைத்துக்கொண்டு எழுதினார்.

உங்களில் பலர் டிரான்ஸ்மிட்டர் அறையைத் திறப்பு விழா நாளில் மட்டும் பார்த்திருப்பீர்கள். அதனால் அந்தக் காலத்து அறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் வந்ததும் முதல் வேலை, டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் குழாய்களான வால்வுகளின் இழைகளைச் சூடேற்றுவது. ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் பாதரச ஆவி ரெக்டிஃபயர் என்று வரிசையாகப் பெரிய வால்வுகள் நிற்கும். அவை சூடேறாமல் உயர் மின்னழுத்தத்தைக் கொடுத்தால் உள்ளே மின்பொறி எதிர்த்திசையில் பாய்ந்து ஃபியூஸோடு சேர்த்து நம் மானத்தையும் வாங்கிவிடும். அதனால் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஒலிபரப்பு தொடங்கியதும் அந்த வால்வுகளுக்குள் நீல வெளிச்சம் எரியும். செய்தி வாசிப்பவர் மூச்சு விடுகிற இடத்தில் நீலம் தணியும், அழுத்திப் பேசினால் பொங்கும். பக்கத்து அலமாரியில், குரலை அலையின் மேல் ஏற்றும் மாடுலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அதே செய்தியை இரும்புக் குரலில் முனகும். ஸ்பீக்கர் எதுவும் இல்லாமலே, அந்த இரும்புத் தகடுகள் அதிர்வதிலேயே சொல் புரியும். பெரியவர் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் அலமாரிக் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "இன்னைக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்பார். பிறகு மீட்டரைப் பார்த்தால் ஏதோ ஒரு முள் சற்று இறங்கியிருக்கும்.

மணிக்கு ஒரு தடவை அளவு எடுப்போம். ஆன்டெனாவுக்குப் போகும் மின்னோட்டம் முக்கியம். அதை அதனாலேயே பெருக்கி, ஆன்டெனாவாக நிற்கும் கம்பத்தின் அடியில் உள்ள மின்தடையாலும் பெருக்கினால் காற்றில் ஏறும் சக்தி தெரியும். 10 கிலோவாட், 50 ஓம் என்றால் 14 ஆம்பியருக்குச் சற்று மேலே முள் நிற்க வேண்டும். கருவி கெட்டுப்போய்விட்டதா, கம்பம் கெட்டுப்போய்விட்டதா, மழை ஈரத்தின் வேலையா என்பதை அந்த ஒரு முள்ளை வைத்துச் சொல்ல ஆள் வேண்டும். அதை ஒரு பக்க அச்சுத் தாளில் சொல்லித்தர முடியாது, நானே முயன்று பார்த்துவிட்டேன்.

அலமாரிக் கதவைத் திறக்கச் சாவி முறை ஒன்று உண்டு. மெயின் ஸ்விட்சை நிறுத்தினால்தான் சாவி கையில் வரும், அந்தச் சாவி போட்டால்தான் கதவு திறக்கும். அப்படியும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அதற்காக எர்த் ராட் ஒன்று கதவோரம் மாட்டியிருக்கும். நீளமான மின்கடத்தாக் கைப்பிடி, நுனியில் கொக்கி, வாலில் பூமிக்குப் போகும் செம்புக் கம்பி. கை நுழைக்குமுன் அதால் ஒவ்வொன்றையும் தொட்டு, கொக்கியை அங்கேயே தொங்கவிட வேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள், சாவிதான் கையில் இருக்கிறதே என்று ராடை எடுக்காமல் குனிந்துவிட்டேன். பின்னாலிருந்து காலரைப் பிடித்து இழுத்தார். திட்டவில்லை. ராடை எடுத்துக் கெப்பாசிட்டரின் முனையில் வைத்தார். 'பட்' என்று ஒரு வெள்ளைப் பொறி. மின்சாரத்தை இறக்கிவிட வேண்டிய பிளீடர் ரெசிஸ்டர் அறுந்துபோயிருந்தது. "சாவி சொன்னதை நம்பின. இப்ப கம்பி என்ன சொல்லுது?" என்று கேட்டார். அந்த நாளின் லாக்கில் 'பிளீடர் மாற்றப்பட்டது, 6:10' என்று மட்டும் எழுதினார். என் பெயரை எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்கு அந்த வேலை நிலைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சரி, இப்போது ஒரு வேலிக் கதை சொல்கிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

ஒருமுறை புகார் வந்தது. எங்கள் நிலையம் அதன் அலைவரிசையில் கேட்பது போதாதென்று, சரியாக இரண்டு மடங்கு அலைவரிசையிலும் கேட்கிறது. அங்கே இருக்கும் இன்னொரு நிலையத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று. டிரான்ஸ்மிட்டரிலிருந்து இரட்டிப்பு அலை கசிகிறது என்று முடிவுகட்டி இரண்டு நாள் வடிகட்டிகளைக் கழற்றி மாட்டினோம். அளந்து பார்த்தால் வெளியே போவது சுத்தமாக இருந்தது. புகார் மட்டும் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி பெரியவர் ஒரு சின்ன டிரான்சிஸ்டரை வலது காதில் ஒட்டிவைத்துக்கொண்டு சுற்றுவேலி ஓரமாக நடந்தார். டார்ச் பிடித்துக்கொண்டு நான் பின்னால். டிரான்சிஸ்டரின் உள்ளே இருக்கும் ஃபெரைட் குச்சிக்குத் திசை தெரியும். பெட்டியைத் திருப்பினால் ஒரு திசையில் சத்தம் அமுங்கும். அந்த அமுங்கும் திசையைப் பிடித்துக்கொண்டே போனார். வடகிழக்கு மூலையில் ஒரு வேலிக் கம்பத்தருகே நின்றார். டார்ச்சை அணைக்கச் சொன்னார். கண் இருட்டுக்குப் பழகியதும் தெரிந்தது: மேல் கம்பியின் முடிச்சில், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு நீலப் பொறி. என்னைக் குனியச் சொன்னார். காதைக் கிட்டே கொண்டுபோனேன். எங்கள் இரவுச் செய்தியை வேலி வாசித்துக்கொண்டிருந்தது.

துருப்பிடித்த முடிச்சு ஒருவழிப் பாதையாகிவிடுகிறது. மின்னோட்டத்தை ஒரு பக்கம் விட்டு, மறுபக்கம் தடுக்கிறது. அதாவது ஒரு டயோடு. கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நீளமான வேலிக் கம்பி ஏராளமான அலையை வாங்குகிறது. துரு அதை நசுக்குகிறது. நசுங்கிய அலையில் இரட்டிப்பு அலைவரிசை பிறந்து அதே கம்பி வழியாகவே வெளியே போகிறது. துருவைச் சுரண்டி, செம்புத் துண்டு வைத்துக் கட்டியதும் புகார் நின்றது. லாக்கில் 3 வரி: வடகிழக்கு மூலை, 14ஆம் கம்பம், மேல் கம்பி முடிச்சு, துரு. அப்புறம் கீழே ஒரு வரி, 'மழைக்காலம் முடிந்து வெயில் தொடங்கும்போது மறுபடி பார்க்கவும்.'

12 வருடம் கழித்து அதே புகார் வந்தது. பெரியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டிருந்தார். அன்று ஷிப்டில் இருந்த பையன் நல்ல படிப்பாளி, அலைவரிசைகளைப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரை விரல் நுனியில் வைத்திருந்தவன். "சார், ஃபில்டரைக் கழற்றலாமா?" என்று கேட்டான். லாக்கைத் திறந்தேன், வேலிக்குப் போனோம். 14ஆம் கம்பம் நன்றாக இருந்தது, 17ஆவது பாடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்தப் பக்கம் இருந்த புத்தகமும் சென்ற மாதங்களில் எடைக்குப் போனவற்றில் ஒன்று.

"நிலையமே மூடியாயிற்று, இனி வேலியைப் பற்றி என்ன கவலை?" என்று நீங்கள் கேட்கலாம். மூடுவது தப்பு என்று நான் வாதாட வரவில்லை. ஜெர்மனியின் பொது வானொலி 2015 முடிவோடு மீடியம் வேவை விட்டது. நார்வே 2017இல் தேசிய நிலையங்களின் எஃப்.எம்.மையே அணைத்துவிட்டு டிஜிட்டலுக்குப் போனது. பழைய டிரான்ஸ்மிட்டர் வாங்கின மின்சாரத்தில் பெரும்பங்கை வெறும் வெப்பமாக ஊதிக்கொண்டிருந்தது என்பது எங்களுக்குத் தெரியாததா? வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டரில் ஓடும் திடநிலைக் கருவி வந்தபோது முதலில் சந்தோஷப்பட்டது பெரியவர்தான். "இனி ராத்திரி வால்வ் மாற்ற எழுப்ப மாட்டாங்க" என்றார்.

என் கவலை மூடும்போது நடக்கிற காரியங்களில் இருக்கிறது. ஒரு மீடியம் வேவ் நிலையத்தில் கண்ணுக்குத் தெரிவது பாதிதான். கம்பமே ஆன்டெனா, அது முழுவதும் ஒரு பீங்கான் இன்சுலேட்டரின் மேல் நிற்கிறது. அதற்குக் கீழே மண்ணுக்குள் செம்புக் கம்பிகள் சக்கரத்தின் ஆரங்கள்போல் எல்லாப் பக்கமும் ஓடுகின்றன. 1937இல் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டைன் என்ற மூவர் அளந்து வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, அமெரிக்காவில் 120 கம்பி என்பது வழக்கமான கணக்காயிற்று. 3 டிகிரிக்கு ஒன்று. 1000 கிலோஹெர்ட்ஸ் நிலையமென்றால் கால் அலைநீளம் 75 மீட்டர். 120 கம்பிக்கு 9 கிலோமீட்டர் செம்பு. அதில் எது எந்த வருடம் அறுந்தது, எங்கே ஒட்டுப் போட்டது, எந்தப் பக்கம் திருடு போனது என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது.

அதைவிட ஆபத்தானவை உண்டு. பழைய கெப்பாசிட்டர்களிலும் டிரான்ஸ்ஃபார்மர்களிலும் பி.சி.பி. என்ற ரசாயனம் கலந்த எண்ணெய் இருக்கலாம். மண்ணில் கொட்டினால் தலைமுறைக்கும் போகாத நஞ்சு. சில சக்தி வால்வுகளிலும் டிரான்சிஸ்டர்களிலும் பெரிலியம் ஆக்சைடு பீங்கான் உண்டு. முழுசாக இருக்கும்வரை சாது. சுத்தியலால் உடைத்தால் அந்தத் தூசு நுரையீரலை அரித்துவிடும். எந்த அலமாரியில் எது மாற்றப்பட்டது, எது இன்னும் பழையது என்று தெரிந்த ஆள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். உடைக்க வருகிறவரோ இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறார்.

கம்பத்தை இறக்குவதும் விளையாட்டில்லை. போலந்தில் 646 மீட்டர் உயர வானொலிக் கம்பம் ஒன்று இருந்தது. புர்ஜ் கலீஃபா வரும்வரை மனிதன் கட்டியவற்றில் அதை மிஞ்சியது எதுவுமில்லை. 1991 ஆகஸ்ட் 8 அன்று அதன் இழுவைக் கம்பிகளை மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் அது முறிந்து விழுந்தது.

'எல்லாம்தான் மேனுவலில் இருக்கிறதே' என்று ஒரு மேலாளர் என்னிடம் சொன்னார். இருக்கிறது. எங்கள் மேனுவலின் 3ஆம் வரைபடத்தில் ஒரு கெப்பாசிட்டர் 1000 பிக்கோஃபாரட் என்று அச்சாகியிருக்கும். பக்கத்தில் பென்சிலால் பெரியவர் எழுதியிருப்பார்: '820 போட்டிருக்கிறது. 1000 வந்து சேரவில்லை. காயிலை இரண்டு சுற்றுக் கூட்டியிருக்கிறேன்.' மேனுவலை நம்பி 1000 வாங்கி மாட்டினால் டியூனிங் எங்கோ போய் நிற்கும். அந்த மேனுவலும் அதே வண்டியில்தான் போனது.

பெரியவரைப் போன்றவர்கள் எங்கள் நிலையத்தின் தனி அதிசயம் இல்லை. இந்தத் தொழிலே கிட்டத்தட்ட இவர்கள் கையில்தான் பிறந்தது. பீட்டர் எக்கர்ஸ்லி முதல் உலகப் போரில் பிரிட்டனின் விமானப் படைப்பிரிவில் வயர்லெஸ் அதிகாரியாக இருந்தவர். 1922 பிப்ரவரியில் ரிட்டில் என்ற கிராமத்தில், பழைய ராணுவக் குடிலில் டிரான்ஸ்மிட்டரை வைத்துச் செவ்வாய்க்கிழமை தோறும் ஒலிபரப்பினார். பொறியாளரும் அவரே, மைக் முன்னால் கோமாளித்தனம் பண்ணியவரும் அவரே. அடுத்த வருடம் பிபிசியின் முதல் தலைமைப் பொறியாளர் ஆனார்.

எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கின் கதை இன்னும் கனமானது. 1918இல் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவு அதிகாரியாகப் பாரிஸில் இருந்தபோதுதான் சூப்பர்ஹெட்ரோடைன் என்ற முறையை வடிவமைத்தார். வருகிற அலை எதுவானாலும் அதை ஒரே இடைநிலை அலைவரிசைக்கு இறக்கி, அங்கே வைத்துப் பெருக்குவது. அதன் பிறகு உலகம் வாங்கிய ரேடியோப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் இதயம். 1933இல் எஃப்.எம்.முக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரில் அந்தக் காப்புரிமைகளைத் தன் நாட்டு ராணுவம் காசு கொடுக்காமல் பயன்படுத்திக்கொள்ள விட்டார். போர் முடிகிற 1945இல், எஃப்.எம். 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இடத்திலிருந்து 88க்கு மேலே மாற்றப்பட்டது. அதுவரை மக்கள் வாங்கிய எஃப்.எம். பெட்டிகள் அத்தனையும் வெறும் மரப்பெட்டிகளாயின. பெரிய கம்பெனிகளோடு வருடக்கணக்கில் வழக்காடிக் களைத்துப்போன அவர் 1954 ஜனவரி 31 இரவு தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவருடைய மனைவி மரியன் வழக்குகளை விடாமல் நடத்தினார். கடைசி வழக்கு ஜெயித்தபோது 1967.

ஆனால் பொறியாளர்கள் கூடினால் பேசுவது அவர் நியூ ஜெர்சியின் அல்பைனில் எழுப்பிய கோபுரத்தைப் பற்றித்தான். 1938இல் கட்டியது, இன்றும் நிற்கிறது. 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் உச்சியிலிருந்த ஆன்டெனாக்கள் கட்டடத்தோடு விழுந்தன. உச்சி மாடிகளில் ஷிப்டில் இருந்த 6 தொலைக்காட்சிப் பொறியாளர்கள் திரும்பி வரவில்லை. நியூயார்க்கின் தொலைக்காட்சி நிலையங்கள் மறுபடி காற்றில் ஏற இடம் தேடியபோது, கைகொடுத்தது 63 வருடப் பழைய அந்த ஆர்ம்ஸ்ட்ராங் கோபுரம். 'பழைய சாமான்' என்று அதை எப்போதோ யாராவது எடைக்குப் போட்டிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இன்னொன்று, உங்கள் பையில் இருக்கும் போனோடு சம்பந்தப்பட்டது. 1936இல் பெல் ஆய்வகத்தில் வில்லியம் டோஹெர்ட்டி ஒரு பெருக்கியை வடிவமைத்தார். வானொலி டிரான்ஸ்மிட்டர்கள் மின்சாரத்தைத் தின்பதைக் குறைக்க, மூன்றில் ஒரு பங்காக இருந்த திறனை 60 சதவீதத்துக்கு மேலே ஏற்றிய சுற்று அது. வால்வுகள் போனதும் அதையும் மறந்தார்கள். மொபைல் போன் கோபுரங்கள் வந்து, அவற்றுக்கும் அதே தலைவலி வந்தபோது, பழைய தாள்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். இன்று உங்கள் போனுக்குச் சிக்னல் அனுப்பும் கோபுரங்களில் ஏராளமானவற்றில் டோஹெர்ட்டி பெருக்கிதான் ஓடுகிறது. டோஹெர்ட்டி எழுதி வெளியிட்டதால் கிடைத்தது. எங்கள் ஆட்கள் எழுதியது லாக் புக்கில்.

சுவீடனில் கிரிமெட்டன் என்ற ஊரில் 1920களின் டிரான்ஸ்மிட்டர் ஒன்று இருக்கிறது. வால்வே கிடையாது, பிரம்மாண்டமான சக்கரம் ஒன்று சுழன்று 17.2 கிலோஹெர்ட்ஸில் அலையை உண்டாக்குகிறது. 2004இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. வருடத்தில் சில நாள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் உட்பட, ஆர்வலர்கள் அதை ஓட்டி மோர்ஸில் வாழ்த்து அனுப்புகிறார்கள். அது ஓடுகிறதென்றால், எந்த எண்ணெய்க்குழாயை எப்போது திறக்க வேண்டும் என்பதை ஒருவர் இன்னொருவருக்குக் கையைப் பிடித்துச் சொல்லித்தந்ததால்தான். எல்லா நிலையத்தையும் அப்படி வைத்திருக்க முடியாது, எனக்கும் புரிகிறது. நான் கேட்பது அதில் நூற்றில் ஒரு பங்கு.

நிலையத்தை மூட நாள் குறிக்கும்போதே, அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களில் உயிரோடு இருப்பவர்கள் யார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஓய்வூதியப் பிரிவில் முகவரி இருக்கும். ஒரு இளம் பொறியாளரை, சம்பளத்தோடு, வேலை நேரத்திலேயே, அவர்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். முடிந்தால் அவர்களை ஒருநாள் நிலையத்துக்கே அழைத்து வந்து, அலமாரி அலமாரியாக நடக்கவிட்டு, கூடவே ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒலிப்பதிவு செய்வதற்கு உங்களுக்கா கருவி இல்லை? நினைவுக் கேடயமெல்லாம் வேண்டாம். பெரியவருக்குக் கொடுத்த கேடயத்தில் அவர் பெயரையே தப்பாகப் பொறித்திருந்தார்கள். அதை வாங்கிப் பார்த்தவர் சிரித்துவிட்டு, "ஒரு கோடு போட்டு சுருக்கொப்பம் வெச்சா சரியாயிடும்" என்றார்.

லாக் புக்குகளை வைத்திருக்க இடமில்லை என்றால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம். அதற்கும் ஆளில்லை என்றால் ஓய்வு பெற்ற எங்களிடம் சொல்லுங்கள், முறை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து எடுத்துத் தருகிறோம். ராத்திரி ஷிப்டுக்குப் பழகிய ஆட்கள்தான்.

புதிதாக வருகிற பிள்ளைகளைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கு இன்று ஒரே திரையில் 20 நிலையம். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கண்காணிக்கிறார்கள். எச்சரிக்கை வந்தால் தூரத்திலிருந்தே மாற்று டிரான்ஸ்மிட்டருக்கு மாற்றிவிடுகிறார்கள். எனக்கு அது தெரியாது. அவர்களுக்கு வேலி பாடும் என்று தெரியாது. யாரும் சொல்லாவிட்டால் எப்படித் தெரியும்?

என்னிடம் இருக்கிற அந்த ஒரு லாக் புக்கை இப்போது முழுவதும் படித்துவிட்டேன். பெரும்பாலும் எண்கள்தான். நடுவில் ஒரு பக்கத்தில், ராத்திரி 2:40க்கு, இடி விழுந்து கம்பத்தடியில் இடியை மண்ணுக்கு இறக்கிவிடும் பொறி இடைவெளி உருகியதைப் பற்றி 11 வரி. 9 நிமிடம் ஒலிபரப்பு நின்றது என்று எழுதி, அதை ஒரு கோட்டால் அடித்து, 'ஒன்பதரை' என்று திருத்திச் சுருக்கொப்பம் வைத்திருக்கிறார். அந்த அரை நிமிடத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உங்களுக்கு அந்தப் புத்தகம் வேண்டுமென்றால் தருகிறேன். பெரியவர் இன்னும் இருக்கிறார், 80ஐத் தாண்டிவிட்டார், நினைவு தெளிவாக இருக்கிறது. நானே கூட்டிப் போகிறேன். காலையில் போவது நல்லது, மதியத்துக்கு மேல் களைத்துவிடுகிறார். போனதும் கெப்பாசிட்டர் பற்றி ஆரம்பியுங்கள், போரைப் பற்றி வேண்டாம். அப்புறம், மைக்கை வைத்துவிட்டு அவருக்கு வலது பக்கமாக உட்காருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டிரான்ஸ்மிட்டர் பொறியாளன் ஒருவன்